மிஷினு நல்லா ஓடுது

இந்திராணியைப் பற்றி ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நான் எழுதியது மொத்தம் பதினான்கு வரி. அதில் ஒரு வரி தப்பு. அந்த ஒரு வரி அவர் உயிரைக் குடித்திருக்கும். அதனால் காகிதத்தில் இடமில்லாமல் போனதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

என் பெயர் அகிலா. சொந்த ஊர் சித்தூர். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ். ஆராய்ச்சி என்றதும் யாரும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போன நோயாளிகளுக்குப் போன் செய்து, அவர்கள் சொல்வதைப் படிவத்தில் நிரப்புவதுதான் வேலை. தெலுங்கும் தமிழும் வரும் என்பதால் நகரி, பிச்சாட்டூர் பக்கத்திலிருந்து வரும் தமிழ்க்காரர்கள் அத்தனை பேரும் என் தலையில். என்னைப் பொறுமைசாலி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

இந்திராணி பிச்சாட்டூரில் பிறந்தவர். ஐந்தாவதுவரை தமிழ்ப் பள்ளிக்கூடம். பத்தொன்பது வயதில் நகரி வேதாச்சலத்துக்கு வாழ்க்கைப்பட்டார். வேதாச்சலம் வீட்டில் நான்கு விசைத்தறி. முன்பாதி தறிக்கூடம், பின்பாதி குடித்தனம். நடுவில் ஒரு கதவு உண்டு; அதைச் சாத்திப் பார்த்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. காலை ஆறு மணிக்கு ஓட ஆரம்பித்தால் பொழுது சாய்ந்த பிறகுதான் நிற்கும். லுங்கி, பாவாடைத் துணி, எதற்கு ஆர்டர் வருகிறதோ அது. முப்பத்து மூன்று வருஷம் அந்தச் சத்தத்துக்குள்தான் இந்திராணி சமைத்தார், மகள் மஞ்சுவைப் பெற்று வளர்த்தார், கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பினார்.

தறிக்கூடத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை. பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. எல்லாம் கைதான். இரண்டு விரலைக் கத்தரி போல விரித்தால் இழை அறுந்துவிட்டது. உள்ளங்கையை நீட்டினால் நிறுத்து. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் தேய்த்துவிட்டுக் கையை முன்னால் தள்ளினால், அறுந்ததை முடிச்சுப் போட்டாச்சு, தறியை ஓட்டு. யாராவது வாயைத் திறந்து எதையாவது சொல்லிவைத்தால் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். இந்திராணி அடுப்படிச் சுவரில் கையை வைத்தே எந்தத் தறி நின்றுபோனது என்று சொல்லிவிடுவார். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. முன்னாலேயே தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

போன வருஷம் அவருக்கு மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று சொல்லிக்கொண்டு மூன்று மாதம் கைவைத்தியம் பார்த்தார். எங்களிடம் வந்தபோது பெருங்குடலில் கட்டி. ரமணா டாக்டர் ஒரு சாண் நீளத்துக்குக் குடலை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்.

இந்த ஆபரேஷனில் பயமே அந்தத் தையல்தான். பத்து நாளைக்குள் அது விட்டுப்போய்க் கசிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வயிற்றில் பரவும். சீழ் பிடிக்கும். விஷம் ரத்தத்தில் ஏறினால் ஆளைப் பிழைக்கவைப்பது கஷ்டம். காய்ச்சலும் வலியும் வந்து நமக்குச் சொல்வதற்குள் பாதி நேரம் போய்விடும். அதற்காகத்தான் எங்கள் ஆராய்ச்சி. தையலுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மெல்லிய வில்லையை வைத்து வயிற்றை மூடிவிடுவார்கள். பட்டிலிருந்து எடுத்த புரதத்தில் செய்த ஏடு, அதற்குள் மயிரிழை மாதிரி மக்னீசியக் கம்பி. பேட்டரி கிடையாது. வெளியிலிருந்து ஒரு ரீடரை வயிற்றின்மேல் வைத்தால் அது விழித்துக்கொண்டு, தையலைச் சுற்றி அமிலம் எவ்வளவு என்று சொல்லும். கசிவு ஆரம்பித்தால் அந்த எண்தான் முதலில் மாறும். நாலைந்து வாரத்தில் வில்லை உடம்போடு கரைந்துவிடும். திரும்ப வெட்டி எடுக்க வேண்டியதில்லை.

சம்மதப் படிவத்தை நான்தான் இந்திராணிக்கு வாசித்துக் காட்டினேன். எட்டுப் பக்கம். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். மற்றவர்களைப் போல நொய்நொய் என்று கேள்வி கேட்கவில்லை. இப்படி ஒரு நல்ல நோயாளியா என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியில் காகிதத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“பட்டுன்னு போட்டிருக்குதே. இன்னா பட்டு?”

நான் முகத்துக்கு நேராக விளக்கினேன். அவர் புருஷனைத் திரும்பிப் பார்த்தார்.

“என் கல்யாணத்துக்கே பட்டு எடுக்கல இவுரு. இப்ப வயித்துக்குள்ள கட்டிக்கினு போறேன், பாத்துக்கோ.”

வேதாச்சலம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு அனுப்பினோம். கையில் ரீடரைக் கொடுத்தோம். சோப்புப் பெட்டி அளவுதான். ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறவர்களுக்கு எண் தானாக எங்களுக்கு வந்துவிடும். வேதாச்சலத்திடம் இருந்ததோ பட்டன் போன். அப்படிப்பட்டவர்களுக்கு ஏற்பாடு வேறு. காலை ஒன்பதுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் வயிற்றில் வைத்து ஐந்து நிமிடம் பிடிக்க வேண்டும். எண் எல்லை தாண்டியிருந்தால், வயிற்றில் வைத்திருக்கும்வரை ரீடர் கீ கீ என்று கத்தும். கத்தினால் உடனே எங்களுக்குப் போன் செய்ய வேண்டும். விளக்கு கிளக்கு ஒன்றும் கிடையாது. அதைச் செய்த கம்பெனிக்காரர்களுக்குச் சத்தமே போதும் என்று தோன்றியிருக்கிறது.

நான் அலாரத்தை ஒரு தடவை அழுத்தியும் காட்டினேன். ரீடர் என் கையில்தான் இருந்தது.

“இந்தச் சத்தம் வந்தா போன் பண்ணணும். கேட்டுச்சாம்மா?”

இந்திராணி தலையாட்டினார். வேதாச்சலமும் தலையாட்டினார். நான் படிவத்தில் ‘பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று எழுதி டிக் போட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து காலை ஒன்பது மணிக்கு நகரிக்குப் போன். வேதாச்சலம்தான் எடுப்பார். பின்னால் நான்கு தறியும் ஓடும். அவர் கத்துவார், நானும் கத்துவேன். பக்கத்து மேசைக்காரிகளுக்கு இலவச வேடிக்கை.

“சத்தம் வந்துச்சா ஐயா?”

“ஒன்னும் வரல சிஸ்டரம்மா!”

“சாப்பிட்டாங்களா?”

“கஞ்சி குடிச்சா! ஒரு இட்லி துன்னா!”

“தறியை ரெண்டு நாள் நிறுத்தி வைக்கக்கூடாதா? உடம்பு சரியில்லாதவங்க எப்படித் தூங்குவாங்க?”

“நிறுத்தினாத்தான் அவளுக்குத் தூக்கம் வராது!”

செவ்வாய்க்கிழமையும் இதே கச்சேரி. புதன்கிழமை மட்டும் நான் கேட்காமலே அவர் ஒன்று சொன்னார்.

“மிஷினு நல்லா ஓடுதாம் சிஸ்டரம்மா! நேத்து சாயங்காலத்துல இருந்துதான் ஓடுதுன்னு சொல்றா! அதுக்கு முன்ன சும்மா கெடந்துச்சாம்!”

“சத்தம் ஒன்னும் வரலையே?”

“வரல, வரல!”

வரிசையில் இன்னும் ஆறு பேருக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. ‘அலாரம் இல்லை. கருவி நன்றாக இயங்குகிறது’ என்று எழுதினேன். அந்தப் பதினான்கில் இது பதினோராவது வரி.

வியாழக்கிழமை போன் போட்டபோது தறிச் சத்தமே இல்லை. எனக்கு ஒரு நொடி எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்றிருந்தது.

“கரெண்டு போச்சி சிஸ்டரம்மா!” வேதாச்சலம் வழக்கம்போலவே கத்தினார். அவ்வளவு அமைதியில் எதற்கு இந்த மனுஷர் காதைக் கிழிக்கிறார் என்று எரிச்சல் வந்தது. போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

“சத்தம் வந்துச்சா ஐயா?”

“ஒன்னும் வரல! இப்பதான் வயித்துமேல வச்சிக்கினு குந்தினு இருக்கறா!”

அவர் மூச்சு விடும் இடைவெளியில் அது கேட்டது. கீ கீ கீ. சின்னதாக, கூர்மையாக, மூன்று மூன்றாக. ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் மேசையில் வைத்துச் சோதிக்கிற சத்தம். முதலில் என் மேசையில் இருக்கும் ரீடரைத்தான் பார்த்தேன். அது பெட்டிக்குள் கிடந்தது.

“ஐயா, அது என்ன சத்தம்?”

“எது?”

“உங்க பின்னாடி. கீ கீன்னு.”

வேதாச்சலம் பேச்சை நிறுத்தினார். கவனமாகக் கேட்கிறார் என்று தெரிந்தது. கீ கீ கீ. கீ கீ கீ. கொஞ்ச நேரம் கழித்து நிதானமாகச் சொன்னார்.

“ஒன்னும் இல்லியே சிஸ்டரம்மா. எல்லாம் அமைதியாத்தான இருக்குது.”

மூன்று நாளாக இந்த மனிதரிடம் சத்தம் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் ஒரு நாள்கூடப் பொய் சொல்லவில்லை.

“அது கத்துது ஐயா! உங்க பின்னாடியே கத்துது! அம்மாவுக்கு ஜுரம் இருக்குதா? தொட்டுப் பாருங்க!”

“லேசா இருக்குது. நேத்துலருந்தே வயிறு உப்பினாப்பல இருக்குதுன்னா. இட்லி ஒத்துக்கல போலன்னு...”

“வண்டி அனுப்பறேன். எதுவும் குடுக்காதீங்க. தண்ணிகூட வேணாம். மிஷின கையோட எடுத்துக்கினு வாங்க!” எனக்கே தெரியாமல் அவர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நூற்றெட்டுக்குச் சொல்லிவிட்டு ரமணா டாக்டரின் அறைக்கு ஓடினேன். நகரியிலிருந்து வண்டி வர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அந்த ஒன்றரை மணி நேரமும் வாசலில் நின்றேன். மொட்டை போட்ட குடும்பங்கள் ஆட்டோவில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. என் கையில் இந்திராணியின் படிவம். பதினோராவது வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

ரீடரைக் கம்ப்யூட்டரில் செருகியதும் உள்ளே பதிவானதெல்லாம் வந்தது. செவ்வாய் சாயங்காலம் எல்லை தாண்டியிருந்தது. புதன் காலை, புதன் சாயங்காலம், வியாழன் காலை, எல்லாம் அப்படியே ஏறியிருந்தன. அந்தச் சின்ன வில்லை ஒன்றரை நாளாகத் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. ஸ்கேனில் தையலுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சீழ். ரமணா டாக்டர் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்து அதை வெளியே எடுத்தார். நாளைக்கு வந்திருந்தால் வயிற்றைத் திரும்பத் திறந்திருக்க வேண்டும் என்றும், அதற்கடுத்த நாள் என்றால் திறந்தும் பலன் இருந்திருக்காது என்றும் சொன்னார். என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூன்று நாள் கழித்து இந்திராணி படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், கையில் ட்ரிப். நான் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் பார்வை என் வாயிலேயே நிற்பதை முதல் முறையாகக் கவனித்தேன்.

“சத்தம் கேக்கலன்னா சொல்லியிருக்கலாமேம்மா.”

“சத்தமெல்லாம் எனக்கு எங்க கேக்குது? அது அதிர்ந்துச்சி.”

“எது?”

“உன் மிஷினுதான். ஊட்டுக்குப் போயி மொத ரெண்டு நாளு செத்த எலி கணக்கா கெடந்துச்சி. எனக்கு ஒரே பயம், நின்னு போச்சோன்னு. செவ்வாக்கெழம சாயங்காலம் வயித்துல வச்சதும் உள்ளங்கையில சுறுசுறுன்னுது. அப்பாடா, ஓட ஆரம்பிச்சிட்டுதுன்னு இவுருகிட்ட சொன்னேன். உனக்குச் சொல்லச் சொல்லி சொன்னேன். சொல்லலியா?”

“சொன்னாரு.”

“பின்ன? அதிர்ந்தா ஓடுதுன்னு அர்த்தம். நின்னாத்தான கோளாறு?”

கத்தும்போது அந்தப் பெட்டி லேசாக அதிரும். அலாரம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நூறு பேரில் ஒருவருக்குக்கூடக் கையில் தெரியாத அதிர்வு அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை எனக்குச் சொல்லியும் அனுப்பியிருக்கிறார். முப்பத்து மூன்று வருஷம் தறியிடம் படித்த படிப்புப்படி அது நல்ல செய்தி. அதை நல்ல செய்தி என்றே நானும் எழுதிவைத்தேன்.

“காது கேக்கறதில்லன்னு ஏம்மா எங்ககிட்ட சொல்லவே இல்ல?”

“யாரு கேட்டாங்க?” என்றார். கொஞ்சம் யோசித்து, “எங்க தெருவுல யாருக்குக் கேக்குது?” என்றார்.

அதுவும் நியாயம்தான். எட்டுப் பக்கப் படிவத்தில் சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, புகையிலை போடுவீர்களா என்றெல்லாம் கேட்டிருந்தோம். ஐம்பத்திரண்டு வயதுக்காரரிடம் கர்ப்பமாக இருக்கிறீர்களா என்றுகூடக் கேட்டிருந்தோம். காது கேட்கிறதா என்று ஒரு வரி இல்லை.

காது டாக்டர் இரண்டு பேரையும் சோதித்தார். எதிரில் நின்று பேசினால் ஓரளவு கேட்கிறது, கனத்த சத்தம் கேட்கிறது. கூர்மையான, சன்னமான சத்தம் மட்டும் சுத்தமாக இல்லை. தறிக்கூடத்தில் வருஷக்கணக்காக நிற்பவர்களுக்கு முதலில் போவது அதுதானாம். அன்றைக்கே என் பட்டியலில் இருந்த மற்ற நெசவுக்காரர்கள் மூன்று பேருக்கும் போன் செய்தேன். மறுநாள் பையில் ரீடரைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி நகரிக்கே போனேன். ஒருவர் வீட்டில் ரீடரை அவர் காதோரம் பிடித்து அழுத்தினேன். அவர் நான் எப்போது ஆரம்பிக்கப்போகிறேன் என்று மரியாதையாகக் காத்திருந்தார்.

பிறகு கம்பெனியிலிருந்து ஒருவர் லேப்டாப்போடு வந்தார். இந்திராணியைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் பத்து நிமிடம் ஆங்கிலமும் தெலுங்குமாகப் பேசி முடிக்கும்வரை இந்திராணி தலையாட்டினார். நான் சும்மா இருக்கவில்லை. “இவங்க தலையாட்டறத நம்பாதீங்க சார்,” என்று சொல்லிவிட்டு, அவர் சொன்னதை முகத்துக்கு நேராக நின்று திரும்பச் சொன்னேன்.

“ஒரு செவப்பு வெளக்கு வைக்கச் சொல்லு. அது இன்னா பெரிய கம்ப சூத்திரமா?” என்றார் இந்திராணி. கம்பெனிக்காரர் அதை லேப்டாப்பில் எழுதிக்கொண்டார். விளக்கு வைத்த ரீடர் இன்னும் வரவில்லை. அது வரும்வரை தறிக்காரர்கள் யாரையும் பத்து நாள் முடியாமல் வீட்டுக்கு அனுப்புவதில்லை. புதிதாக யார் வந்தாலும் நான் முதுகுக்குப் பின்னால் போய் நின்று அலாரத்தை அழுத்துகிறேன். திடுக்கிட்டுத் திரும்பி என்னைத் திட்டுகிறவர்களைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது.

இந்திராணி பதினெட்டு நாள் எங்களோடு இருந்தார். பன்னிரண்டு நாள் வாயில் ஒரு பருக்கை இல்லை. கசிந்த இடம் தானாக மூடியது. வீட்டுக்குப் போகும்போது பாதி ஆளாக இருந்தார்.

ஆபரேஷன் முடிந்து ஏழாவது வாரம் பரிசோதனைக்கு வந்தார்கள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. ஸ்கேனில் தையல் நன்றாகச் சேர்ந்திருந்தது. வில்லை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. விதிமுறைப்படி கடைசியாக ஒரு தடவை ரீடரை வைத்துப் பார்க்க வேண்டும். இந்திராணி அதை என் கையிலிருந்து வாங்கித் தானே வயிற்றில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையை அழுத்திப் பிடித்து, கண்ணை மூடி, ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தார்.

“நின்னு போச்சி,” என்றார்.

“ஆமாம்மா. உள்ள எதுவும் இல்ல. கரைஞ்சு போச்சு.”

“நின்னா நல்லதுன்னு ஒரு மிஷின இப்பதான் பாக்கறேன்.” ரீடரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். “பட்டும் போச்சா?”

“போச்சு.”

“எனக்குக் குடுத்து வைக்கல,” என்றார். வேதாச்சலம் இந்த முறையும் மின்விசிறியைத்தான் பார்த்தார்.

எழுந்து போகிற நேரம். நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று பாக்கி. டாக்டருக்குத் தெரியும், கம்பெனிக்காரருக்குத் தெரியும். இவருக்கு மட்டும் நான் சொல்லவில்லை. படிவத்தை எடுத்துப் பதினோராவது வரியைக் காட்டினேன்.

“அம்மா, அன்னைக்கு நீங்க ஓடுதுன்னு சொன்னப்போ, முன்ன ஓடாதது இப்ப ஏன் ஓடுதுன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. அவசரத்துல நல்லா ஓடுதுன்னு எழுதிட்டேன். தப்பு என்னுதுதான்.”

வெளியே டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வராந்தா முழுக்க ஜனம். நான் சொன்னதில் எவ்வளவு அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. அவர் தலையாட்டவில்லை. அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். தறிக்கூடத்தில் செய்வதுபோலக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் தேய்த்து, கையை எனக்கு நேராக முன்னால் தள்ளினார்.